கடைப்பலகையும் விளம்பரச் சொல்லும்

வணிகர் தம் கடைமுகப்பில் எழுதும் பெயரையும், மக்கள் கண்ணிற்படுமாறு நிறுத்தும் விளம்பரத்தையும் அரசும் நகராட்சிகளும் எவ்வாறு வரையறை செய்கின்றன என்பது சட்டநூலார் ஆராயும் பொருளென்றே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. ஆயின் அவ்வரையறைகளை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அவை ஒவ்வொன்றும் இறுதியில் ஒரு சொல்லின்மேல் வந்து நிற்கின்றன. தமிழில் எழுதப்பட்டது எது? இழிவானது எது? மயக்குவது எது? இவ்வினாக்களுக்கு விடை காணப் புகும்போது சட்டம் தன் எல்லையைக் கடந்து சொல்லிலக்கணத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டு விதிகளையும், இந்திய ஒன்றியத்தின் பொதுச் சட்டங்களுள் இப்பொருளைத் தழுவியவற்றையும் எடுத்துக்கொண்டு, அம்மூன்று வினாக்களைத் தமிழாராய்ச்சியாளர் நோக்கில் அணுக இக்கட்டுரையில் முயல்கின்றோம்.

முதற்கண் ஒரு சொற்குறிப்பு. பழந்தமிழில் ‘பகர்தல்’ என்னும் வினை கூறுதலையும் குறிக்கும், விற்றலையும் குறிக்கும். நகர வீதிகளில் பொருள் விற்றுத் திரிவாரைச் சிலப்பதிகாரம் பகர்வனர் என்கின்றது. அவ்வாறே ‘விளம்புதல்’ என்பது சொல்லுதலோடு உணவு பரிமாறுதலையும் உணர்த்தும். பொருளைக் கொடுப்பதும் அதனைப் பற்றிச் சொல்வதும் ஒரே செயலின் இரு கூறுகள் என்னும் எண்ணம் இச்சொற்களில் படிந்து கிடக்கின்றது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுமிடத்தும், அவர் கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் நாடாமையைக் கூறிய கையோடு, பொருளின் நிலையை மறையாது பகர்ந்து விற்றமையையும் சேர்த்தே கூறுகின்றது. அளவிற் பொய்யாமையும் சொல்லிற் பொய்யாமையும் ஆண்டு ஒருங்கு வைத்து எண்ணப்பட்டன.

அந்நாளைக் கடைகளுக்கு எழுத்துப் பலகை இருந்ததாகத் தெரியவில்லை, கொடியே அடையாளம். கோயில் வாயிலிலும், வாது செய்ய அழைக்கும் ஆசிரியர் இருக்கையிலும், மரக்கலங்களின் பாய்மரத்திலும், கள் விற்கும் மனையின் முன்னும் வெவ்வேறு கொடிகள் ஆடியமையைப் பட்டினப்பாலை தொகுத்துரைக்கின்றது. இவற்றினும் சிறந்த சான்று சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் உள்ளது. மதுரைப் பொன்கடை வீதியில், சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னையும் பகுத்தறிய வல்லார், வாங்க வருவோர் இதுவோ அதுவோ என்று மயங்காமைப் பொருட்டு, அவ்வவ் வகை விற்கும் இடந்தோறும் கொடி எடுத்திருந்தனர் என்பது ஆண்டுக் கூறப்படும் செய்தி. கொடி அழகுக்காக எடுக்கப்பட்டதன்று. கூவி அழைப்பதற்கு மட்டும் எடுக்கப்பட்டதுமன்று. கலக்கம் ஒழிப்பதே அதன் பயன் என்று இளங்கோவடிகள் வெளிப்படையாகவே காரணங் காட்டுகின்றார். அதே மதுரையில் ஒரு பொற்கொல்லனின் சொல் மன்னனையே மயக்கியது என்பதையும் உடன் நினைத்துக் கொள்வோமாயின், கொடிகளைப் பற்றிய அக்குறிப்பு வெறும் வருணனையாக நமக்குத் தோன்றாது.

புகார் நகரத்து வெள்ளிடை மன்றத்தில் குவிந்து கிடந்த பொதிகளின்மேல் உரியவர் பெயரும் எண்ணும் கண்ணெழுத்தாக இடப்பட்டிருந்தமை இந்திரவிழவூரெடுத்த காதையாற் புலப்படும். பொதியின்மேல் எழுதுவது, கடையின்மேல் அடையாளம் இடுவது என்னும் இவ்விரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம், பின்னர்ப் பயன்படும்.

பெயர்ப்பலகை விதி

இனி இக்காலத்துக்கு வருவோம். சென்னை மாகாணமாக இருந்த காலத்தில் 1947-ஆம் ஆண்டில் கடைகள், நிறுவனங்கள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் 1948-இல் விதிகள் வகுக்கப்பட்டன. வேலை நேரம், விடுமுறை முதலியன பற்றிய தொழிலாளர் நலச் சட்டமே அது; மொழிக்கும் அதற்கும் தொடக்கத்தில் தொடர்பில்லை. 1977-ஆம் ஆண்டில் பிறந்த ஆணையால் அவ்விதிகளுள் 15-ஆம் விதி கடைகளின் பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தலாயிற்று. பிற மொழிகள் இடம்பெறின் அவை தமிழுக்குக் கீழே அமைதல் வேண்டும். தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, ஏனைய மொழிக்கு இரண்டு என்னும் இட அளவும் அரசால் வகுக்கப்பட்டுள்ளது. 2010-ஆம் ஆண்டு சூன் திங்களில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றபோது சென்னை மாநகராட்சி இவ்விதியை நிறைவேற்ற முனைந்தமை பலருக்கும் நினைவிருக்கும். முனைப்பு வரும், போகும், விதி அப்படியே நிற்கும்.

இதே 1977-ஆம் ஆண்டில்தான் கனடா நாட்டின் குயிபெக் மாகாணம் தன் பிரெஞ்சு மொழிச் சாசனத்தை இயற்றியது என்பது கருதத்தக்கது. அச்சாசனம் வணிகப் பலகைகளில் பிரெஞ்சு ஒன்றே இருத்தல் வேண்டும் என்றது. 1988-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் பிறமொழியை அறவே விலக்குவது கருத்துரிமைக்கு முரண் என்றும், பிரெஞ்சு தெளிவாக மேலோங்கி நிற்க வேண்டுமெனக் கூறும் விதியாயின் ஏற்கத்தக்கதே என்றும் தீர்ப்பளித்தது. 1993-இல் சட்டம் அவ்வாறே திருத்தப்பட்டது. தமிழ்நாட்டு விதியோ தொடக்கமுதலே விலக்கும் விதியன்று. வரிசையும் அளவும் கூறும் விதி. நெடிய வழக்கிற்குப் பின் அங்கு எய்திய நிலையை இங்கு முதலிலேயே எய்தினோம் என்று சொல்லலாம்.

ஆயின் உண்மையான இடர்ப்பாடு அளவில் இல்லை. ‘தமிழில்’ என்னும் அவ்வேழாம் வேற்றுமைச் சொல்லில் உள்ளது. தமிழெழுத்தில் என்பது பொருளா? தமிழ்ச்சொல்லில் என்பது பொருளா? ‘மெடிக்கல்ஸ்’ என்றும் ‘ஸ்வீட்ஸ்’ என்றும் ‘டெக்ஸ்டைல்ஸ்’ என்றும் தமிழெழுத்தில் வரைந்த பலகைகள் தெருத்தோறும் நிற்கின்றன. அவற்றை நிறுத்தியோர் விதியை நிறைவேற்றிவிட்டதாகவே கருதுகின்றனர். ஆய்வுக்கு வரும் அலுவலரும் பெரும்பாலும் அதனை ஒப்புகின்றனர்.

இவ்விடத்துத் தொல்காப்பியனார் நமக்கு உதவுகின்றார். செய்யுட்கு உரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்த அவர், பிறமொழிச் சொல்லை வேண்டாவென்று தள்ளவில்லை. அம்மொழிக்கே உரிய எழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வருமாயின் அது தமிழ்ச் செய்யுளிற் புகலாம் என்றார். இந்த அளவுகோலைக் கொண்டு அளந்தால் ‘ஸ்வீட்ஸ்’ என்னும் பலகை எழுத்தளவிலும் தேறாது. மெய்ம்முதலாகத் தொடங்கி, கிரந்த எழுத்தை இருமுறை ஏந்தி, வல்லெழுத்தின்மேல் மெய்ம்மயக்கம் இன்றி முடியும் அச்சொல், தமிழெழுத்தில் எழுதப்பட்டது என்ற கூற்றுக்கே பாதி இடந்தான் தருகின்றது. இதைச் சொல்லும்போது சிலர் நகைப்பர். எனினும், சொல்லிலக்கணத்தை வைத்தே ஒரு விதியின் பொருளைத் தெளியலாம் என்பதற்கு இதனினும் எளிய சான்று கிடைப்பது அரிது.

மறுபுறத்தையும் கூறுதல் கடமை. மதுரைப் பொன்வீதிக் கொடியின் பயன் மயக்கம் ஒழித்தல் என்றோம். ‘மெடிக்கல்ஸ்’ என்பதை எழுத்தறிந்த சிற்றூர் மூதாட்டியும் அறிவார். புதிதாக ஆக்கிய சொல்லை அவர் அறியாமலும் போகலாம். மொழியின் பெருமையைக் காப்பது ஒரு நோக்கம். வாங்குவோர்க்கு விளங்குவது மற்றொரு நோக்கம். இவ்விரண்டும் எப்பொழுதும் ஒரே திசையிற் செல்வதில்லை என்பதை ஒப்புக்கொள்ளாத மொழிப்பற்று விதியை வலுவிழக்கச் செய்யும். ஆயினும் இவ்விடர் நிலையானதன்று. ‘உணவகம்’ என்னும் சொல் இன்று எவரையும் மயக்குவதில்லை. ‘மருந்தகம்’ அந்நிலையை எய்திவிட்டது. ‘அடுமனை’ எய்தி வருகின்றது. ஈழத் தமிழர் ‘வெதுப்பகம்’ என்பதை நாள்வழக்கிற் கொண்டுள்ளனர். ‘அகம்’ என்னும் ஈறு கடைப்பெயர் ஆக்குவதில் இத்துணை வளம் காட்டியமைக்கே கடைப்பலகைகள்தாம் காரணம் எனலாம்; நூலும் அகராதியும் அதனைப் பின்னரே பதிவு செய்தன.

ஆகவே எம் கருத்து இது. ஒரு பலகையில் இருவகைப் பெயர்கள் உள்ளன. ஒன்று, உரிமையாளரோ நிறுவனமோ தமக்கு இட்டுக்கொண்ட சிறப்புப்பெயர். மற்றொன்று, இன்ன வகைக் கடை என்று உணர்த்தும் பொதுப்பெயர். சிறப்புப்பெயரைத் தமிழொலிக்கு இயைய எழுதினாற் போதும்; பொதுப்பெயர் தமிழ்ச்சொல்லாகவே இருத்தல் வேண்டும். விதியை இவ்வாறு பிரித்துப் பொருள் கொள்வதற்கு அதன் சொற்களில் தடை ஒன்றும் இல்லை.

இடமும் இழிவும்

விளம்பரம் எங்கே நிற்கலாம் என்பது பற்றிய விதிகளை விரைந்து கடப்போம். நகர்ப்புற உள்ளாட்சிகளின் உரிமம் இன்றி விளம்பரப் பலகை நாட்டலாகாது. 2003-ஆம் ஆண்டு விதிகள் கல்விக்கூடங்கள், மக்கள் திரளும் வழிபாட்டிடங்கள், உள்நோயாளர் தங்கும் மருத்துவமனைகள், வரலாற்றுச் சிறப்புடைய இடங்கள் ஆகியவற்றின் முன்னும் சாலைச் சந்திகளிலும் பெரும்பலகைகளைத் தடுத்தன. அவற்றை எதிர்த்து விளம்பர நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2008-இல் உச்சநீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. 2023-இல் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கெனப் புதிய விதித்தொகுதி நடைமுறைக்கு வந்தது. விதி இருந்தும் 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணைச் சாலையில் பதாகை ஒன்று சரிந்து விழுந்ததால் இருசக்கர ஊர்தியிற் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். 2023 சூனில் கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியருகே பெரும்பலகைச் சட்டம் சாய்ந்து தொழிலாளர் மூவர் மாண்டனர். பதாகை என்னும் பழஞ்சொல் செய்யுளிலிருந்து தெருவுக்கு மீண்டுவந்ததை மகிழ்ச்சியோடு குறிக்க எண்ணுவோர்க்கு இச்செய்திகள் குறுக்கே நிற்கும்.

இழிவான விளம்பரம் பற்றிய விதிகள் விரிவாக நோக்கத்தக்கவை. 1959-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட திறந்தவிட அழகுகேடு தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் படும் இடங்களில் மிக்க அநாகரிகமான, அவதூறான, ஆபாசமான விளம்பரங்களை ஒட்டுவதைக் குற்றமாக்கியது. 1986-இல் ஒன்றிய அரசு பெண்களை இழிவாகச் சித்திரித்தலைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டில் தமிழ்நாடு திரைப்பட விளம்பரப் பொருள்களுக்குக் கட்டாயத் தணிக்கையை ஏற்படுத்தும் சட்டத்தைக் கொண்டது. இவற்றிலெல்லாம் அநாகரிகம், ஆபாசம் என்னும் சொற்கள் வருகின்றன. எந்தச் சொல் ஆபாசம், எந்த உருவம் ஆபாசம் என்று பட்டியல் வகுத்துக் கூற எச்சட்டமும் துணியவில்லை. அது துணிவின்மை அன்று, இயலாமையே என்பதைத் தொல்காப்பியம் காட்டும்.

எச்சவியலில் ஆசிரியர் ஆளும் தொடர் ‘அவையல்கிளவி’ என்பது. அவை அல் கிளவி. அதாவது அவைக்கு ஆகாத சொல். சொல் தன்னளவில் தீயது என்று அவர் கூறவில்லை. அவையிற் கூறத்தகாதது என்றே கூறுகின்றார். இழிவு சொல்லிற்கும் கேட்போர் கூட்டத்திற்கும் உள்ள உறவில் பிறக்கின்றது. பிற்காலத்து நன்னூலார் இடக்கரடக்கலைத் தகுதிவழக்கின்பாற் படுத்ததும் இதுபற்றியே. மருத்துவர் அறையில் மாட்டத்தகும் ஒரு படம் பள்ளிச் சுவரில் ஒட்டத்தகாது. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லைத் தடை செய்யாமல் ‘பொதுமக்கள் பார்வையில் படும் இடம்’ என்பதைத் தன் அடிப்படையாகக் கொண்டது ‘அவை’ என்னும் கருத்தையே வேறு சொல்லாற் கூறியதாகும்.

தகுதிவழக்கின் மூன்றாம் கூறாகிய குழூஉக்குறி இன்னும் வியப்பான ஒப்புமை தருகின்றது. ஒரு குழுவினர் பிறர் அறியாவாறு தமக்குள் வழங்கும் குறிப்புச்சொல் அது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். கள்ளின் பெயரை மறைத்து வேறு பெயரால் அதனைச் சுட்டும் வழக்கம் இன்றும் ஒழியவில்லை. மதுவகைகளை விளம்பரம் செய்வது தடுக்கப்பட்டிருத்தலின், அவ்வணிகப் பெயரையே சோடா நீருக்கும் இசைத்தட்டுக்கும் இட்டு, நீரையும் இசையையும் விளம்பரம் செய்வது போல மதுவை நினைவூட்டும் முறை பெருகியது. 2022-ஆம் ஆண்டு சூன் திங்களில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இத்தகைய பதிலி விளம்பரங்களைத் தடை செய்தன. வேடர் குழூஉக்குறி பிறர் அறியாமைக்காக எழுந்தது. பதிலி விளம்பரமோ எல்லாரும் அறிந்தும் சட்டம் மட்டும் அறியாமைக்காக எழுந்தது. வேறுபாடு அவ்வளவே.

மயக்கும் சொல்

மூன்றாம் வினா மயக்குவது எது என்பது. இதன் வரலாறு மருந்து விளம்பரங்களோடு தொடங்குகின்றது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் பற்றிய ஆட்சேபணைக்குரிய விளம்பரச் சட்டம், குறித்த சில நோய்களைத் தீர்க்கும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவதைத் தடுத்தது; தாயத்து, மந்திரம், கவசம் முதலியவற்றையும் மாயத் தீர்வு என்னும் சொல்லுள் அடக்கியது. இச்சட்டம் பற்றிய அம்தார்டு தவாகானா வழக்கில் 1959 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், சட்டத்தின் சில பகுதிகளை நீக்கியபோதும், தடுக்கப்பட்ட மருந்தை விற்கும் வணிக விளம்பரம் அரசியலமைப்பு காக்கும் கருத்துரிமையுள் அடங்காது என்றது. 1995-இல் டாட்டா பிரசு வழக்கில் அந்நீதிமன்றமே வணிகப் பேச்சும் கருத்துரிமையின் ஒரு கூறே என்று கொண்டது. எனினும் ஏமாற்றும், மயக்கும், உண்மையற்ற விளம்பரங்களை அரசு தடுக்கலாம் என்பதையும் உடன் கூறியது. ஆகவே இன்றைய நிலையில் விளம்பரம் பேச்சுத்தான். பொய்யாத வரையில் காப்புடைய பேச்சு.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மயக்கும் விளம்பரத்தை நான்கு வகையாக விரித்தது. பொருளைப் பற்றிப் பொய்யாகக் கூறுதல். பொய்யான உறுதிமொழி தருதல், அல்லது தன்மை, அளவு, தரம் ஆகியவற்றில் மயங்கச் செய்தல். நேர்மையற்ற வணிகமுறையாகும் கூற்றை வெளிப்படையாகவோ குறிப்பாகவோ தெரிவித்தல். இன்றியமையாத செய்தியை வேண்டுமென்றே மறைத்தல். முதன்முறை பத்து இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்யின் ஐம்பது இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நான்கனுள் மூன்றாவதில் வரும் ‘குறிப்பாக’ என்னும் சொல்லும், நான்காவதில் வரும் மறைத்தலும் ஆராய்ச்சியாளர் கவனிக்கத்தக்கன. சொல்லியது மட்டுமன்றிச் சொல்லாது விட்டதும் கூற்றாகக் கொள்ளப்படுகின்றது. குறிப்புப்பொருளையும் எச்சத்தையும் விரித்தாராய்ந்த தமிழிலக்கண மரபுக்கு இது புதிதன்று.

மிகைப்படக் கூறுவதெல்லாம் பொய்யாமோ எனின், ஆகாது. 1985-இல் தோன்றிய இந்திய விளம்பரத் தர மன்றத்தின் நெறித்தொகுதி, நகைச்சுவையாகவோ மிகையாகவோ வெளிப்படத் தெரியும் கூற்றை, சொற்பொருளாகவே கொள்ளப்படாத வரையில், ஏற்கின்றது. தண்டியலங்காரம் அதிசய அணிக்கு இலக்கணம் வகுக்குமிடத்தும் உலக வரம்பு கடவாமையையும், ஆன்றோர் வியக்குமாறு தோன்றுதலையும் வேண்டுகின்றது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு கேட்போரைப் பற்றியது. அணியின் கேட்போர் ஆன்றோர். அவர் மிகையை மிகையென்றே சுவைப்பர். விளம்பரத்தின் கேட்போர் எல்லாரும் ஆவர். பிள்ளைப் பிணிக்கு மருந்து தேடும் தாயும் அவருள் ஒருவர். அவர் வியப்பதற்காகப் படிப்பதில்லை, நம்புவதற்காகப் படிக்கின்றார். சுவைப்போன் முன் அணியாக நிற்கும் அதே தொடர் நம்புவோன் முன் வழுவாகிவிடும்.

பொதியின் மொழி

மேலே பிரித்து வைத்த இரண்டையும் இனி மீண்டும் எடுப்போம். கடைப்பலகை தமிழில் இருத்தல் கட்டாயம். கடைக்குள் அடுக்கப்பட்ட பொதியின்மேல் நிலை என்ன? 2011-ஆம் ஆண்டுப் பொதி செய்த பொருள்கள் பற்றிய எடையளவு விதிகளின்படி, பொருளின் பெயர், நிகர எடை, விலை முதலிய குறிப்புகள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும். பிற மொழியைக் கூடுதலாகச் சேர்ப்பதற்குத் தடையில்லை. தடையில்லை என்பதும் வேண்டும் என்பதும் ஒன்றல்ல. ஆகவே தமிழ்மட்டும் அறிந்தவர் தமிழ்ப்பலகையைக் கண்டு கடையுட் புகுந்து, தமக்கு விளங்காத கண்ணெழுத்துடைய பொதியை வாங்கி வருகின்றார். உண்ணும் பொருளில் என்ன கலந்துள்ளது, எந்நாள்வரை உண்ணலாம் என்பவை பலகையைக் காட்டிலும் அவருக்கு வேண்டியவை. மொழியின் பொருட்டு நாம் எடுத்துக்கொண்ட முயற்சியெல்லாம் வாயிலோடு நின்றுவிட்டதோ என்று ஐயுறுகின்றோம்.

இக்குறையை ஓரளவு நீக்கும் விதி ஒன்று 2022-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில் உள்ளது. விளம்பரத்தில் ஒரு கூற்றை வரம்பிடும் பொறுப்புத் துறப்புக் குறிப்பு எம்மொழியில் இருத்தல் வேண்டும்? கூற்று எம்மொழியில் உள்ளதோ அம்மொழியிலேயே இருத்தல் வேண்டும் என்கின்றது விதி. எழுத்துருவும் அதுவாகவே இருத்தல் வேண்டும். குரலாற் கூறிய கூற்றாயின் குறிப்பும் அக்குரலோடு ஒத்த விரைவில் தோன்றுதல் வேண்டும். பெரிய எழுத்தில் தமிழில் வாக்களித்துவிட்டு, அடியில் எறும்பூர்ந்தாற் போன்ற ஆங்கிலத்தில் அவ்வாக்கைத் திரும்பப் பெறும் வழக்கத்துக்கு இது நேரான தடை.

ஆயின் முதல் வினா இங்கும் வந்து வழிமறிக்கின்றது. ‘ஃப்ரீ டெலிவரி’ என்று தமிழெழுத்தில் ஒரு கடை விளம்பரம் செய்கின்றது என்க. அக்கூற்றின் மொழி யாது? எழுத்தைக் கொண்டு தமிழ் என்போமாயின் வரம்பிடும் குறிப்பும் தமிழில் வருதல் வேண்டும். சொல்லைக் கொண்டு ஆங்கிலம் என்போமாயின், ஆங்கிலக் குறிப்பே போதும் என்று வணிகர் வாதிடலாம். பலகை விதிக்காகத் தமிழ் என்று காட்டிய அதே தொடரை, நுகர்வோர் விதிக்காக ஆங்கிலம் என்று காட்ட அவருக்கு வழி பிறக்கின்றது. எழுத்து எவ்வாறிருப்பினும், எவர் படித்து நம்புமாறு எழுதப்பட்டதோ அவர் மொழியே கூற்றின் மொழி என்று கொள்வதுதான் இரு விதிகளையும் முரணின்றி நிறுத்தும் வழியென யாம் கருதுகின்றோம். அங்ஙனம் கொள்ளின், தமிழெழுத்தில் எழுதிய எதற்கும் குறிப்பு தமிழிலேயே அமைதல் வேண்டும். அதுவும் அதே அளவு எழுத்தில்.